ஜெர்மன் மொழியில் சொன்னது

ஏட்டு நம்பிராஜனின் வலது தோளுக்குத் தைலம் தேய்ப்பது மகள் வள்ளித்தாயின் வேலை. அம்மாவின் கையில் வலு போதாது என்று அப்பா சொல்லிவிட்டார். தம்பி மகாராஜா தேய்த்தால் அவருக்குக் கூச்சம். ஆகவே பத்து வயதிலிருந்தே அது அவள் தலையில் விழுந்தது. கழுத்தெலும்பு முடிகிற இடத்தில் ஆரம்பித்து முழங்கை வரைக்கும் அழுத்தி இழுத்துவிட வேண்டும். தோள் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே, முந்தின நாள் ஸ்டேஷனில் என்ன நடந்திருக்கும் என்று அவள் தெரிந்துகொள்வாள்.

ஸ்டேஷன்களில் அடிப்பதற்கென்று ஒருவர் இருப்பார். அதிகாரி கேள்வி கேட்பார், ரைட்டர் எழுதுவார், இவர் அடிப்பார். நம்பிராஜன் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அது அவர்தான். வீரகேரளம்புதூர் பக்கம் கொஞ்சம் வயல், மாமன் மச்சான் எல்லாம் போலீசிலும் பட்டாளத்திலும் என்று இருந்த குடும்பம். வீட்டில் யாரும் அதற்காக வெட்கப்பட்டதில்லை, பெருமைப்பட்டதும் இல்லை. மழையில் நனைந்து வந்தவருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பது போல, அடித்துவிட்டு வந்தவருக்குத் தைலம். அவ்வளவுதான்.

1992 ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு காலையில் பத்து மணிக்கு அவர் வீட்டுக்கு வந்தார். சட்டையைக் கழற்றக் கை மேலே போகவில்லை. வள்ளித்தாய்தான் பட்டனை அவிழ்த்து, கையை மெல்ல உருவி எடுத்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. முற்றத்துக் கட்டிலில் அவர் உட்கார, அவள் பின்னால் நின்று தேய்க்க ஆரம்பித்தாள். கூட வேலை பார்த்த பாண்டியராஜ் மொபெட்டில் வந்து இறங்கினார். அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏட்டய்யா மகள்தானே என்று பேச்சைத் தொடங்கிவிட்டார்.

“அண்ணாச்சி, அய்யா எழுதச் சொல்லிட்டாரு. தூக்குன்னு.”

“கைலி யாருது?”

“அவனதுதான். கிழிச்சு ஜன்னல் கம்பியில கட்டியாச்சு. கால்தான் தரையில முட்டுது.”

“முட்டுனா முட்டட்டும். குத்தவச்சுக்கிட்டே தூக்குப் போட்டவனெல்லாம் உண்டும் வே.”

பாண்டியராஜ் குரலைத் தாழ்த்தினார். “பய ரெண்டு மணிக்கே போயிட்டான் அண்ணாச்சி. நீங்க மூணு வரைக்கும் அடிச்சிய.”

“எனக்கு எப்படிவே தெரியும்? மூஞ்சியில சாக்கு கிடந்துச்சு. சத்தம் வரலைன்னா அழுத்தக்காரன்னுதான நினைப்போம்?”

வள்ளித்தாய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கேட்டது தெரிந்துவிடும்.

“பைய தேயிட்டி. நோவுது” என்றார் அப்பா.

செத்தவன் பெயர் மன்சூர். கடையநல்லூர்க்காரன், இருபத்திரண்டு வயது, தறி நெய்கிறவன், துபாய்க்கு விசா வந்திருந்தது. யாரோ ஒருவரின் பம்புசெட் மோட்டார் காணாமல் போனதற்காகப் பிடித்து வந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மோட்டார் வேறொருவன் கிணற்றடியில் கிடைத்தது. பேப்பரில் நான்கு வரி வந்தது. விசாரணை ஒன்று நடந்து, தற்கொலை என்று முடிந்தது.

மறு வருஷம் வள்ளித்தாய் பள்ளிப்படிப்பை முடித்தாள். பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, வீட்டுக்குத் தெரியாமல், ஐதராபாத்தில் அயல்மொழிப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். பிரெஞ்சுக்குக் கூட்டம் அதிகம் என்று யாரோ சொன்னதால் ஜெர்மனுக்கு நேரே டிக் அடித்திருந்தாள். திருநெல்வேலிக்குப் போய்த் தேர்வு எழுதியது ஒரு தோழியின் அக்கா கல்யாணம் என்ற பெயரில். விடுதி இடமும் உதவித்தொகையும் சேர்த்து அனுமதிக் கடிதம் வந்தபோது அது அப்பா கையில் கிடைத்தது.

அவளுக்குப் பட்டாளத்து ஹவில்தார் ஒருவரைப் பேசி முடித்திருந்தார்கள். முதல் நாள் நம்பிராஜன் பெல்ட்டால் அடித்தார். இரண்டாம் நாள் அவளைத் தொழுவத்துத் தூணில் கட்டிவைத்துப் பாதத்தில் அடித்தார். நடக்க முடியாதவள் எங்கே போவாள் என்பது அவர் கணக்கு. அம்மா இடையில் வந்து விழுந்து, விலாவில் ஒரு மிதி வாங்கிக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பெல்ட் மறுபடி மேலே போனபோது வள்ளித்தாய் சத்தம் போடாமல் சொன்னாள்.

“இன்னொரு அடி விழுந்துச்சுன்னா கடையநல்லூருக்கு பஸ் ஏறுவேன். மன்சூர் வீடு எதுன்னு கேட்டா யாரும் சொல்லுவாவ.”

பெல்ட் மேலேயே நின்றது. நம்பிராஜன் அவள் முகத்தைப் பார்த்தார். ஸ்டேஷனில் எத்தனையோ பேரின் வாயிலிருந்து எத்தனையோ வார்த்தைகளைக் கறந்தவர். எந்த வார்த்தை நிஜம் என்று அவருக்குத் தெரியும். பெல்ட்டைக் கொடியில் மாட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“எப்பம் போணும்?”

“பன்னெண்டாம் தேதி.”

அவரே தென்காசி ரயில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் மெட்ராஸ் வண்டியில் ஏற்றிவிட்டார். பாதத்தில் வீக்கம் வற்றாததால் அவள் அம்மாவின் ரப்பர் செருப்பைப் போட்டிருந்தாள். வண்டி கிளம்பும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “சொல்ல மாட்டியே?”

“மாட்டேன்” என்றாள்.

இப்படித்தான் ஒரு பேராசிரியையின் கல்வி வாழ்க்கை தொடங்கியது.

ஐதராபாத்தில் அவள் மூர்க்கமாகப் படித்தாள். வகுப்பில் மற்றவர்களுக்கு ஆங்கிலப் பள்ளியின் பின்புலம் இருந்தது. இவளுக்கு ஆங்கிலமே தடுமாற்றம், ஜெர்மனோ எல்லோருக்கும் புதிது. அதனால் ஜெர்மனில் மட்டும் எல்லோரும் ஒரே கோட்டில் நின்றார்கள். இரண்டாம் வருஷம் முதலிடத்துக்கு வந்தவள் பிறகு அதை விடவில்லை. எம்.ஏ. படிக்கும்போது ஆர்ஜென்டினாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளிடம் ஸ்பானிஷ் கற்றாள். அந்த அம்மாளின் அண்ணனை அங்கே ராணுவம் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பவே இல்லை. அப்படிப்பட்டவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டிய கட்டு ஒன்றை அவர் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தார். இரண்டு மாணவர்கள் பாதியில் எழுந்து வெளியே போனார்கள். ஒருத்தி அழுதாள். வள்ளித்தாய் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்து முடித்து, அருஞ்சொற்களின் பட்டியலைச் சுத்தமாக எழுதிக் கொடுத்தாள்.

“உனக்கு ஒன்றும் செய்யவில்லையா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“பழக்கம்” என்று ஸ்பானிஷில் பதில் சொன்னாள்.

அதுவே அவளுடைய துறையாயிற்று. சிறையிலிருந்து தப்பியவர்கள் ஸ்பானிஷில் எழுதியவை, போருக்குப் பிந்தைய வழக்குகளில் ஜெர்மனில் பதிவான சாட்சியங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பிஎச்.டி. செய்தாள். லைப்ஸிக் நகரில் இரண்டு வருஷம் இருந்தாள். திரும்பி வந்து விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், 2016இல் பேராசிரியர். இடையில் வழக்கமான கல்லூரிச் சண்டைகள் எல்லாம் வந்தன. துறைத் தலைவர் ஒருவர் அவள் பதவி உயர்வுக் கோப்பை இரண்டு வருஷம் பீரோவில் பூட்டி வைத்தார். ஒரு கூட்டத்தில் அவர் மேஜையைத் தட்டிக் கத்தியபோது, இவள் எழுந்து போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, “கையை இறக்குங்கள்” என்றாள். இறக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு வேலை அதிகம் என்று சொன்னாள். ஆனி, ஆடியில் ஒரு வாரம் மேலகரத்தில் தம்பி கட்டிய வீட்டுக்கு வருவாள், அப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பாள், அம்மா இறந்த திதிக்கு நிற்பாள், போய்விடுவாள். மன்சூர் என்ற பெயரை இருவருமே உச்சரித்ததில்லை.

2017இல் லைப்ஸிக்கில் ஒரு கருத்தரங்கு. சித்திரவதை செய்தவனின் உடம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அவன் கைக்கும் வலிக்கும் என்பது அவள் கட்டுரையின் வாதம். சான்றுகள் எல்லாம் சிலியிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் இருந்தன. எழுதி முடித்த பிறகுதான் கட்டுரை உயிரில்லாமல் கிடப்பது அவளுக்குத் தெரிந்தது. மூன்றாம் பகுதியில், பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், நாற்பத்தொன்றாம் குறிப்பாக ஒன்றைச் சேர்த்தாள். தென்னிந்தியாவில் தென்காசிக்கு அருகே ஒரு காவல் நிலையம். இருபத்திரண்டு வயது நெசவாளி. மோட்டார். கைலி. சாக்கு. இரண்டு மணி, மூன்று மணி. அடித்தவரின் தோளுக்குத் தைலம் தேய்த்த மகள். பெயர்கள் மட்டும் இல்லை.

குறிப்பை மேடையிலும் வாசித்தாள். பிறகு எல்லோரும் அந்த ஊர் வழக்கப்படி விரல் முட்டியால் மேஜையைத் தட்டினார்கள். அவர்களுக்கு அதுதான் கைதட்டல். நீண்ட நேரம் தட்டினார்கள். அன்று அவள் வருஷக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். சொல்லிவிட்டாள், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. தென்காசியில் ஜெர்மன் யார் படிக்கப் போகிறார்கள்? கிணற்றுக்குள் தலையை விட்டுப் பேசினது போலத்தான்.

அவள் போட்ட கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அதற்கடுத்த வருஷங்களில் தென்காசியில் செல்போன் கடை மாடிகளில் எல்லாம் ஜெர்மன் வகுப்பு போர்டு தொங்கியது. நர்சிங் முடித்த பெண்கள் பி-ஒன், பி-டூ என்று பரீட்சை எழுதி ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்கள். இலத்தூர், செங்கோட்டை, கடையநல்லூர் என்று ஊருக்கு நாலு பேராவது போனார்கள்.

2024 சித்திரையில் அவளுக்கு ஜெர்மனில் ஒரு மின்னஞ்சல் வந்தது. மதிப்புக்குரிய பேராசிரியை அவர்களுக்கு என்று முறையாக ஆரம்பித்தது. எழுதியவள் பெயர் சஃப்ரின், ஸ்டுட்கார்ட் நகரில் நர்ஸ். வார்டில் ஒரு கிழவர் அவள் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அவருக்குக் காட்டலாம் என்று தென்காசியைப் பற்றி ஜெர்மனில் ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருக்கிறாள். கிடைத்தது இந்தக் கட்டுரை. “குறிப்பு எண் 41ஐ ஆறு முறை படித்தேன். என் தாயார் சைதூன் பீவியின் தம்பி பெயர் மன்சூர். நீங்கள் எழுதியிருப்பது அவரைப் பற்றியா? அந்த மகள் நீங்களா?”

பதினோரு நாள் அவள் பதில் எழுதவில்லை. பாடம் நடத்தினாள், விடைத்தாள் திருத்தினாள், ஒரு மாணவியிடம் காரணமில்லாமல் கத்தினாள். பன்னிரண்டாம் நாள் ஒரே சொல் எழுதி அனுப்பினாள். ஆம்.

அதன்பின் தென்காசியிலிருந்து சைதூன் பீவியின் வக்கீல் பால்வண்ணநாதன் போனில் பேசினார். “அம்மா, கொலைக்குக் காலக்கெடு கிடையாது. அந்த சைதூன் பீவி முப்பத்திரண்டு வருஷமா மனு மேல மனுவா போட்டுப் பாத்துட்டா. சாட்சி இல்லைன்னு தள்ளிட்டாவ. இப்பம் சாட்சி நீங்கதான். ஆனா ஜெர்மன்ல உள்ளதை வச்சு நான் ஒண்ணும் செய்ய முடியாது. தமிழ்ல, பேர் சொல்லி, பிரமாணப் பத்திரமா வேணும். ஒங்க அப்பா உயிரோட இருக்கும்போதே வேணும்.”

“ஜெர்மனை மொழிபெயர்க்க ஆள் இருக்கா ஒங்ககிட்ட?”

“விசாரிச்சேன். இந்தப் பக்கத்துல தகுதி உள்ளவங்கன்னு ஒங்க பேரத்தான் சொல்லுதாவ” என்றார் வக்கீல்.

அந்த ஆனியில் அவள் வந்தாள். சீசன் களைகட்டியிருந்தது. தம்பி மனைவி அனுசியாவின் தாய்வீட்டார் பன்னிரண்டு பேர் மேலகரம் வீட்டில் குளிக்க வந்து தங்கியிருந்தார்கள். ஹால் முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும். மறுநாள் காலை அவர்கள் வேன் பிடித்து ஐந்தருவிக்குப் போனதும் வீடு காலியாயிற்று. உள்ளறைக் கட்டிலில் எண்பது வயது நம்பிராஜன். அடுப்படியில் அனுசியா. மகாராஜா இப்போது இன்ஸ்பெக்டர், டூட்டிக்குக் கிளம்பி நின்றான். டி.எஸ்.பி. பட்டியலில் அவன் பெயர் வரவேண்டிய வருஷம். அக்கா எதற்கு வந்திருக்கிறாள் என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவிலிருந்து கோர்ட் வாசல் டீக்கடை வரை அவனுக்கு ஆள் இருந்தது.

“அக்கா, உக்காரு.” உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். “உலகத்துல உள்ள பாஷையெல்லாம் படிச்சிருக்க. அப்பான்னா என்னன்னு படிக்கலியோ?”

“அதைத்தாம்ல முதல்ல படிச்சேன்.”

“கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லு.”

“போடத்தான் வந்தேன்.”

அவன் உடனே அடிக்கவில்லை. போய் அவளுடைய கைப்பையைக் கவிழ்த்து, மடிக்கணினியை எடுத்து, தரையில் வைத்து, பூட்ஸ் குதிகாலால் மிதித்தான். திரை நொறுங்கிற்று. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணமாகக் குவித்து, ஒரே நேரத்தில் அவள் இரண்டு காதிலும் அறைந்தான்.

உலகம் வெடித்து, வெள்ளையாகி, ஒரு பக்கம் சரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலும் அவள் மூளை தன் பாட்டுக்கு வேலை செய்தது: இதற்கு ஸ்பானிஷில் பெயர் இருக்கிறது, தெலேஃபோனோ, தொலைபேசி. அவள் ஆய்வேட்டில் அதற்குத் தனி உட்பிரிவே உண்டு. வெளியே தடம் தெரியாது, உள்ளே செவிப்பறை கிழியும்.

“சொல்லுக்கா. மாட்டேன்னு சொல்லு.”

அடுத்து வயிற்றில் முழங்கால். அவள் மடங்கி விழுந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அப்பா கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். தடுக்கப் போகிறார் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

“ஏலே, காதுப் பக்கம் அடிக்காத” என்றார் நம்பிராஜன். “டாக்டர் எழுதிருவான். துண்டை நனைச்சுக் கட்டிக்கிட்டு அடி.”

அடுப்படியில் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அக்கம்பக்கம் கேட்டுவிடக் கூடாதென்று அனுசியா எதையோ அரைத்தாள். நெடுநேரம் அரைத்தாள்.

“அப்பா,” வள்ளித்தாய் தரையிலிருந்து கேட்டாள், “அந்தப் பையன் முகத்துல சாக்கை எடுத்துப் பாத்தியளா?”

“எதுக்குப் பாக்கணும்?” கிழவரின் குரலில் எரிச்சல்தான் இருந்தது. “அடிக்கச் சொன்னாவ, அடிச்சேன். அவன் உடம்பு தாங்கல, அதுக்கு நான் என்ன செய்ய? நீ சொல்ல மாட்டேன்னுதான வண்டி ஏறுன? வாக்கு மாறுத சவத்து மூதி. போ, போயி கையெழுத்துப் போடு. ஜெயில்ல சோறு போடுவான். இங்கன மட்டும் என்ன வாழுது?”

மகாராஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கோபம் அக்கா மேல்தான் இறங்கியது. விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று. அவன் செல்போன் அடித்தது. பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, பந்தோபஸ்துக்கு ஆள் போதவில்லை. “இந்தா வாரேன் சார்” என்றான் பணிவாக. போகும்போது அறையை வெளியே பூட்டினான்.

சற்று நேரத்தில் மாற்றுச் சாவியில் பூட்டு திறந்தது. அனுசியா பஞ்சு கொண்டுவந்து அவள் காதில் வைத்தாள். பஞ்சு சிவந்தது.

“மதினி, பொறத்தால கதவு திறந்துதான் கிடக்கு. அவரு வந்து என்னைய என்ன செய்யுதாரோ செய்யட்டும். எங்க அம்மா இருக்கையில கை நீட்ட மாட்டாரு.”

மாமனார் கட்டிலிலிருந்து, “ஏட்டி அனுசியா, காப்பி என்னாச்சு?” என்றார்.

கடையநல்லூரில் சைதூன் பீவியின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் இருந்தது. வயது ஐம்பத்தேழு, ஒடிசலான உடம்பு, வெள்ளைத் துப்பட்டி. பால்வண்ணநாதனும் வந்திருந்தார். செல்போனைச் செம்பு ஒன்றில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து சஃப்ரின். வள்ளித்தாய்க்கு இடது காது கேட்கவில்லை. வலப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“எம்புள்ள எல்லாம் சொல்லிட்டா” என்றாள் சைதூன் பீவி. “ஆனா ஒன் வாயால தமிழ்ல வாசி. நான் கேக்கணும்.”

வக்கீலிடம் அச்சுப்பிரதி இருந்தது. வள்ளித்தாய் ஜெர்மனைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். முப்பது வருஷமாகச் செய்துவருகிற வேலை. மோட்டார், பிடித்துவந்தது, முகத்தில் சாக்கு. இரண்டு மணிக்கு இறந்துவிட்டார் என்று சொல்லி, அடுத்து கைலிக்குப் போனாள்.

“உம்மா,” போனிலிருந்து குரல் வந்தது. “ஒரு வரிய விட்டுட்டாங்க.”

சைதூன் பீவி நிமிர்ந்து வள்ளித்தாயைப் பார்த்தாள்.

“பேராசிரியை அம்மா, அந்த வரியையும் சொல்லுங்க. என் கையில இருக்கு. நானும் படிச்சுக்கிட்டுத்தான் வாரேன்.”

வள்ளித்தாய் தாளைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்கு மொழிபெயர்க்க வரவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, “செத்ததுக்கு அப்புறமும் ஒரு மணி நேரம் எங்க அப்பா அடிச்சாரு” என்றாள்.

சைதூன் பீவி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ஏதோ ஓதியது. “மையத்தைக் கழுவுனது நான்தான் பாத்துக்க” என்றாள் பிறகு. “ஆம்பளைங்கதான் கழுவணும்னாவ. எங்க வாப்பா பாத்துட்டு மயங்கி விழுந்தாரு. நானே கழுவுனேன். முதுகுல தோலு கையோட வந்துச்சு. தூக்குல செத்தவனுக்கு முதுகுல என்ன வேலைன்னு அன்னைக்கே கேட்டேன். யாரு பதில் சொன்னா?”

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் வள்ளித்தாய். “அது ஜெர்மன்ல இல்ல.”

“வேண்டாம்மா” என்றார் வக்கீல், என்னவென்று தெரியாமலே.

பெல்ட் மேலே நின்றதையும், தான் சொன்ன ஒரு வாக்கியத்தையும், வண்டி ஏறியதையும் அவள் சொன்னாள். முடித்ததும் சைதூன் பீவி எழுந்து வந்து அறைந்தாள். கேட்கிற பக்கத்தில்தான் விழுந்தது. மறுபடி அறைந்தாள். துப்பட்டி சரிந்து தரையில் கிடக்க, இரண்டு கையாலும் அவள் தோளில், தலையில், முதுகில் அடித்தாள். வள்ளித்தாய் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. போனில் சஃப்ரின், “உம்மா, உம்மா” என்று கத்தினாள்.

“எந்தம்பி மையத்த வித்தா படிச்ச? ஜெர்மன்காரனுக்குச் சொன்ன, ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்ன, பஸ்ஸுல முக்கா மணி நேரம், எனக்குச் சொல்ல வரலியாட்டி ஒனக்கு?”

“வரல” என்றாள் வள்ளித்தாய்.

மூச்சு வாங்கி, கை ஓய்ந்து, சைதூன் பீவி தரையில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு வக்கீலைப் பார்த்து, “வண்டிய வரச் சொல்லுங்க” என்றாள். “இப்பமே எழுதணும். இவ மனசு மாறிரப்படாது.”

தென்காசியில் வக்கீல் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. டைப்பிஸ்ட் பெண் அடிக்க, வள்ளித்தாய் சொல்லச் சொல்ல, பத்திகள் ஏறின. தந்தை பெயர் நம்பிராஜன், ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். பாண்டியராஜ், காலமாகிவிட்டார். எட்டாம் பத்தியோடு போதும் என்றார் பால்வண்ணநாதன்.

“ஒன்பதாவதா நீங்க சொல்லுதது வேண்டாம்மா. அந்த மிரட்டலை எழுதுனா எதிர்த்தரப்பு ஒங்களைத்தான் பிடிச்சுக்கிடுவான். பேரம் பேசுன பொம்பளை, இன்னைக்கும் எதுக்கோ பேரம் பேசுதான்னு. வேலைக்கும் ஆபத்து.”

வள்ளித்தாய் சைதூன் பீவியைப் பார்த்தாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“இருக்கட்டும்” என்றாள் திரும்பாமலே. “எல்லாம் இருக்கட்டும்.”

ஒன்பதாம் பத்தியும் ஏறியது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. நோட்டரி முத்திரை விழுந்தது. பிரதி ஒன்றை மடித்து வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். கீழே ஜீப் நின்றது. மகாராஜா சீருடையில் இருந்தான், முழங்கால் வரை அருவித் தண்ணீர். பகல் ஒரு மணி, தெரு நிறைய ஆள், எதிர்க்கடையில் நாலைந்து வக்கீல்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“போட்டுட்டியா?”

“போட்டாச்சு. படி. தமிழ்லதான் இருக்கு.”

அவன் வாங்கி, சாரலில் நின்றபடியே படித்தான். பக்கங்களை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனவன் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டான். ஒன்பதாம் பத்தியை இரண்டு முறை படித்திருப்பான்.

“இதச் சொல்லித்தான் போனியா?” அவன் குரல் இறங்கியிருந்தது. “அப்பாவுக்கு ஒன்மேல பாசம், அதான் அனுப்புனாருன்னு நினைச்சேன். இத்தனை வருஷமா அப்படித்தாங்க்கா நினைச்சேன். எனக்குப் போலீசு வேண்டாம்னு அழுதப்பம் என்னை அந்தத் தொழுவத்துலதான கட்டிவச்சாரு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் அதச் சொல்லித் தப்பிச்சிருப்பேம்லா?”

அவன் கை உயர்ந்தது. தடம் தெரியாமல் அடிக்கத் தெரிந்தவன், இந்த முறை ஐந்து விரலும் பதிகிற மாதிரி கன்னத்தில் அடித்தான். அவள் படிக்கட்டுச் சுவரில் மோதி உட்கார்ந்தாள். உதடு கிழிந்தது. எதிர்க்கடையில் டீ கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.

மறுபடி ஓங்கியபோது சைதூன் பீவி குறுக்கே வந்து நின்றாள். அவன் மார்புக்குத்தான் இருந்தாள்.

“இவள அடிக்கணும்னா நான் அடிப்பேன். எனக்குப் பாத்தியதை உண்டு. நீ யாருல?”

மகாராஜா அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கை அதுவாகக் கீழே வந்தது. படித்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினான்.

மாடிப்படியின் பாதியில் நின்றிருந்த பால்வண்ணநாதன் கைக்கடிகாரத்தில் மணி பார்த்தார். எதிர்க்கடை வக்கீல்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “ஒருத்தரும் போயிராதிய, சாட்சி வேணும்” என்றார். பிறகு டைப்பிஸ்டைப் புதுத் தாள் சொருகச் சொல்லிக்கொண்டே மேலே ஏறினார்.